பட்டாபி பார்த்ததும் நினைத்ததும்

பவானிபூர், கல்கத்தா
சௌமிய வருஷம் தை மாதம் 18-ந் தேதி

சிரஞ்சீவி மஹாதேவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அநேக ஆசீர்வாதம். நீ ரங்கூனில் தேக சௌக்கியத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, ஆபீசுக்குப் போய்வந்துகொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் க்ஷேமம் என்று எழுத வேண்டியது முறை. உன் அப்பா விடாமல் எழுதுவார், போன வருஷம் காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உனக்கு எழுதியபோதுகூட அப்படித்தான் தொடங்கினார், அந்த ஒரு பொய்யை மட்டும் அவர் தனக்கென்று விட்டுவைத்திருந்தார். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. நானும் உன் காமுவும் இருக்கிறோம், ஹவுராவில் ரயில் ஆபீசில் இருக்கும் உன் மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் கங்கையைத் தாண்டி வந்து வேண்டியதை வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறான், அடுப்பு எரிகிறது. இதுவரை எழுதினால் பொய்யில்லை. உனக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலையாக இருந்தது, அடியில் இடம் மிச்சமிருந்தால் நான் நாலு வரி எழுதுவேன். இப்போது தாள் முழுவதும் எனக்கே என்று ஆகிவிட்டது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியவில்லை, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

கல்கத்தாவில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்கிறார்கள். தலையில் முடி இல்லாமல் எனக்கு இது முதல் குளிர்காலம், அதனால் மற்றவர்களுக்கு எப்படியோ எனக்கு அதிகமாகத்தான் தெரிகிறது, கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். நீ என்னைப் பார்க்கும்போது திடுக்கிடக் கூடாது என்று முன்னதாகவே சொல்லிவைக்கிறேன். ஊரில் பத்தாம் நாள் செய்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, காமுதான் கொல்லைப்புறம் போய் நின்று அழுதாள். இப்போது ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் அவள் சமைத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டால்தான் உள்ளே இறங்குகிறது. அப்பாவின் ஆபீசிலிருந்து அவருடைய குடையையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பியூன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டு ஹேமாங்கினி தீதி பேரீச்ச வெல்லம் ஒரு சட்டி அனுப்பினாள். காமு பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டாள், வை, அவருக்குப் பிடிக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், சட்டி திறக்காமல் அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. காமு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தலைவிரிகோலமாக நின்றதால்தான் அப்பா போனார், புருஷன் உயிரோடு இருக்கும்போது அந்தக் கோலத்தில் நின்றவளை நான் இனி அழைத்துக்கொள்வதாக இல்லை, அவளை அவள் பிறந்தகத்தில் கொண்டுபோய் விடச் சொல்லி மாமாவிடம் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். நல்ல அழுத்தமான கையெழுத்து, ஓர் இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஊரிலிருந்து பெரியப்பா உனக்கு எழுதியதை வைத்து நீ எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. மஹாதேவா, உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று உனக்கு நினைவில்லையா? அலிப்பூரில் மழையும் காற்றும் அளக்கிற ஆபீஸ். மழை பெய்தது என்பது ஒரு தாள், பெய்யும் என்பது வேறு தாள், ஒன்றில் எழுத வேண்டியதை மற்றொன்றில் எழுதினால் அங்கே துரை குதிப்பார் என்று சொல்வார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து நம் எல்லார் பிராணனையும் வாங்கினாரே. காமு வந்த புதிதில் பால்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்றாள். "பார்த்ததா, நினைச்சதா?" என்று கேட்டார். பால் நீர்த்திருக்கிறது என்று சொல், அது பார்த்தது, அவன் கலந்தான் என்பது நீ நினைத்தது, மாடே அப்படிக் கறந்திருக்கலாம் என்றார். அன்றைக்கு நாம் எல்லாரும் சிரித்தோம், மாட்டுக்கு வக்கீல் என்று நீ அவருக்குப் பெயர் வைத்தாய். அந்தக் கேள்வியை இன்றைக்கு அவர் இடத்தில் இருந்து நான் உன்னைக் கேட்கிறேன். உனக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன, நான் பார்த்ததைப் பார்த்தது என்றும், பிறர் சொன்னதைச் சொன்னது என்றும் பிரித்தே எழுதுகிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படி.

புரட்டாசி தொடக்கத்திலிருந்து உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன்னைக் கம்பெனியில் மௌல்மீனுக்கு அனுப்பியதும், அங்கே மரக் கிடங்கில் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்ததும் எங்களுக்குத் தெரியாது. ரங்கூனில் பிளேக் என்று மட்டும் இங்கே பேச்சு. அப்பா ஐப்பசியில் காவேரியில் துலா ஸ்நானம் செய்ய வேண்டும் என்று ரஜா வாங்கியிருந்தார், நீ கடிதம் போடாததால் போகலாமா வேண்டாமா என்று தயங்கினார், நான்தான் போய்வாருங்கள் என்று அனுப்பினேன். ஊரில் அவர் உன் நினைவாகவே இருந்தாராம். அப்பாவின் சித்தப்பா பிள்ளை பட்டாபிராமன் இருக்கிறாரே, அவர் தன் தகப்பனாருக்குக் கயா சிராத்தம் செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற வழியில் கல்கத்தாவில் இறங்கி வீட்டில் எட்டிப் பார், பையனிடமிருந்து கடிதம் வந்ததா என்று விசாரித்து எனக்கு ஒரு கார்டு போடு, பிளேக் என்கிறார்கள், எனக்கு மனசு சரியில்லை என்று அப்பா அவரிடம் சொல்லி அனுப்பினார். பட்டாபி ரயிலில் அத்தனை தூரமும் அந்த நினைப்போடுதான் வந்திருக்கிறார். அவர் வந்து சேர்ந்த தினம் விஜயதசமி.

தீதி வீட்டில் வருஷா வருஷம் துர்க்கை பூஜை நடப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மன் பிறந்தகத்திலிருந்து புக்ககம் திரும்புகிறாள் என்று அவர்களுக்குப் பாவனை. சுமங்கலிகள் எல்லாரும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அம்மன் நெற்றியில் சிந்தூரம் வைத்து, பிறகு ஒருவர் நெற்றியில் ஒருவர் வைத்து, பெற்ற பெண்ணை வண்டி ஏற்றுவது போலவே கண்ணீர் விட்டு அழுவார்கள். கூடவே சங்கு ஊதுவார்கள். நம் பக்கம் கோயிலில் சங்கு கேட்டால் ஸ்வாமிக்கு, தெருவில் கேட்டால் பிணத்துக்கு. இங்கே கல்யாணத்துக்கும் சங்கு, குழந்தை பிறந்தாலும் சங்கு. நாம் குடிவந்த புதிதில் எதிர்வீட்டில் சங்கு கேட்டு நான் சமைத்ததை மூடிவைத்துவிட்டுப் பட்டினியாக உட்கார்ந்திருந்தேன், அங்கே ஆண்குழந்தை பிறந்திருந்தது, நீ அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தாயே. இந்த வருஷம் தீதி காமுவுக்கு அந்தப் புடவை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். காமு வெள்ளை ஆயிற்றே என்று என் முகத்தைப் பார்த்தாள். கட்டிக்கோ, சுமங்கலிகள் கட்டுவதுதானே, அவன் பெயரைச் சொல்லிக் குங்குமம் வைத்துக்கொள்வது நல்லதுதான் என்று நான் சொன்னேன். அவள் தலைமுழுகி, ஈரக்கூந்தல் உலரவில்லை, அப்படியே வந்து நின்றாள். தீதி சிந்தூரத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்து, தன் மருமகளை அழைப்பது போலவே "பௌமா, உன் புருஷன் நூறு வயசு இருப்பான்" என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். உன்னிடமிருந்து கடிதம் இல்லாத ஏக்கமெல்லாம் சேர்ந்து காமு தேம்பிவிட்டாள், தீதி அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். இவ்வளவும் நான் கூட நின்று பார்த்தது.

பட்டாபி வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது. தீதி வீட்டுக் காவல்காரனை நான் பின்னால் விசாரித்தேன், குடுமி வைத்த மதராஸ்காரர் ஒருவர் வந்து உங்கள் வீட்டைக் கேட்டார், எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று காட்டினேன், கேட்டில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வேகமாகத் திரும்பிப் போய்விட்டார் என்றான். மற்றதைப் பட்டாபியே ஊரில் என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டு சொன்னார். "மன்னி, என் கண்ணால பார்த்தேன். காமு வெள்ளைப் புடவையில நிக்கறா, தலை அவிழ்ந்து கெடக்கு, சுத்தி இருக்கறவாள்லாம் அழறா, சங்கு ஊதறா, ஒரு பெரியவ அவ நெத்தியைத் துடைக்கறா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளைப் புடவை நிஜம், அவிழ்ந்த கூந்தல் நிஜம், அழுகையும் சங்கும் நிஜம், நெற்றியில் ஒரு கை இருந்ததும் நிஜம். வைத்த கையைத் துடைத்த கை என்று நினைத்தார், அது ஒன்றுதான் அவருடையது. அந்த ஒன்றால் மற்றதெல்லாம் அப்படித் திரும்பிவிட்டது.

ஏன் உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் அவரைக் கேட்டேன். நாலு எட்டு வைத்திருந்தால் காமுவின் நெற்றி நிறையச் சிந்தூரம் இருந்ததைப் பார்த்திருப்பார். அவர் சொன்னதைக் கேள். "கேட்டிருந்தா தீட்டு வந்துடுமே மன்னி, தாயாதியாச்சே, பத்து நாள் காக்கணும், கயா சிராத்தம் நின்னு போயிடும், எங்கப்பா கடனை முடிக்காம எப்படித் திரும்புவேன்" என்றார். காதில் விழாத வரையில் தீட்டு இல்லை அல்லவா, அதனால் காதில் போட்டுக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டார். கயாவில் பிண்டம் போட்டு எல்லாம் முறையாக முடித்த பிறகு, ஊருக்கு அப்பா பெயருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். கேட்காமல் இருக்கத் தெரிந்தவருக்கு நம்பாமல் இருக்கத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் வயிறு எரிகிறது, இருந்தாலும் அவர் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது, தன் தகப்பனாருக்குச் செய்ய வேண்டியதை எண்ணிக்கொண்டு போன மனுஷர்.

கார்டில் என்ன எழுதியிருந்தது என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. அசுபச் செய்தி வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது நம் வழக்கம், பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு உடனே கிழித்துவிட்டார். மஹாதேவன் போய்விட்டான், நான் பார்த்தேன் என்று எழுதியிருந்தது என்கிறார் பெரியப்பா. அப்படித் தெரிகிறது, விசாரித்துக்கொள்ளவும் என்றுதான் எழுதினேன் என்று பட்டாபி சத்தியம் செய்கிறார். இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். அப்பா கார்டைக் கையில் வாங்கக்கூட இல்லையாம். ஊரையெல்லாம் கேட்டவர், பால்காரன் மாட்டுக்குக்கூடப் பரிந்து பேசியவர், அன்றைக்கு ஒருவரையும் பார்த்ததா நினைத்ததா என்று கேட்கவில்லை. பெற்ற பிள்ளை விஷயம் ஆயிற்றே, கேட்க வாய் எப்படி வரும்? தந்தி கொடுத்து விசாரிக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் ஸ்நானத்துக்குக் காவேரிக்குப் போனார்கள். அவர் முங்கி எழுந்து படியேறி ஈர வேஷ்டியோடு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. பெரியப்பாதான் கொள்ளி வைத்தார், பிள்ளை இல்லாதவருக்குச் செய்வது போல. பிள்ளை இருந்தும் இல்லாதவராகவே அப்பா போனார் என்று நீ எழுதியிருக்கிறாய். அது நிஜம், மஹாதேவா. அதை என்னால் மாற்ற முடியாது, உன்னாலும் முடியாது, நினைத்து நினைத்து நான் அழாத நாள் இல்லை.

இங்கே எங்களுக்கு இதில் எதுவுமே தெரியாது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை உன் மௌல்மீன் கடிதம் வந்தது, காமு அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், சாயந்தரம் தீதி வீட்டுக்குப் போய் அம்மனுக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை தந்தி வந்தது. அய்யர் காலமானார், உடனே வரவும் என்று மட்டும் இருந்தது, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உனக்குத் தந்தி கொடுத்தது மாமாதான். எங்களை அவனே அழைத்துக்கொண்டு போனான். வண்டியை விட்டு இறங்கினோம். வாசல் நிறையப் பெண்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு இறங்குகிறேன், எனக்குப் பின்னால் காமு இறங்குகிறாள், நெற்றியில் குங்குமம், கையில் வளையல். ஒரு நிமிஷம் அழுகை நின்றே போயிற்று. உன் பெரியம்மா, "இந்தக் கோலத்துல வந்து நிக்கறயேடி, வெக்கமில்ல?" என்று கத்திக்கொண்டு காமுவின் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் பிள்ளை உயிரோட இருக்கான், அவன் கடுதாசி என் மடியில இருக்கு" என்றேன். அப்புறம்தான் அங்கே எல்லாம் வெளியே வந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் உன் கடிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு அவர் எங்கே என்று கேட்டேன், எல்லாம் ஆகிவிட்டது என்றார்கள், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பேச்சு. காமு வெள்ளை கட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று முதலில் பெரியம்மா சொன்னாள், மறுநாள் தெருவில் எல்லாரும் சொன்னார்கள், மூன்றாம் நாள் யார் முதலில் சொன்னது என்பதே மறந்துபோய் அது நடந்த விஷயம் ஆகிவிட்டது. காமுவை விளக்கேற்ற விடவில்லை, மாட்டுக்குத் தீவனம் வைக்கக்கூட விடவில்லை. அதனால்தான் பதின்மூன்றாம் நாள் ஆனதும், மூலையில் உட்கார வேண்டியவள் ரயில் ஏறுகிறாளே என்று அவர்கள் பேசினாலும் பேசட்டும் என்று அவளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். யாரையாவது குற்றம் சொல்லியே ஆக வேண்டுமானால் ஆளுக்கா பஞ்சம்? புடவை கொடுத்த தீதி, கட்டச் சொன்ன நான், தீட்டுக்குப் பயந்த பட்டாபி, கார்டைக் கிழித்த பெரியப்பா, ஒரு மாதத்துக்கு மேல் கடிதம் போடாத நீ. நான் உன்னைச் சொல்லவில்லை, மஹாதேவா. சொல்லலாம் என்று மட்டும் சொல்கிறேன். அந்தச் செய்தியால்தான் அவர் போனார் என்பதுகூட நாம் நினைப்பதுதான். ஆவணியிலேயே மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது, நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், அது நான் பார்த்தது. எனக்கும் செய்திதான் அவரைக் கொன்றது என்றே தோன்றுகிறது, தோன்றுவதை என்னால் நிறுத்த முடியவில்லை, யார் மேலாவது ஆத்திரப்பட வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது என்பதற்காகக் காமு குற்றவாளி ஆகிவிட மாட்டாள்.

அவளுக்கு உன் கடிதத்தில் இருப்பது தெரியாது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள், சௌக்கியமாக இருக்கிறான் என்றேன். என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா அம்மா என்று கேட்டாள். எழுதியிருக்கிறான் என்றேன். அதில் பொய்யில்லை, ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இராத்திரி தூக்கத்தில் நான் துடைக்கலே, நான் துடைக்கலே என்று பேசுகிறாள். தெருவில் சங்கு கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள், தீதி அழைத்தால் போவதில்லை, தீதி பாவம் தன்னால்தான் என்று அவளும் அழுகிறாள். பதினெட்டு வயசுப் பெண், மஹாதேவா. மாயவரத்தில் அவளுக்குப் பிறந்தகம் என்று நீ எழுதுகிறாய், அங்கே இருப்பது அவளுடைய மாற்றாந்தாய். புருஷன் வேண்டாம் என்று அனுப்பியவளாக அந்த வீட்டுக்கு அவள் போனால் அவளை எங்கே உட்காரச் சொல்வார்கள், எந்த வேலையைக் கொடுப்பார்கள், அவள் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்களா என்பதெல்லாம் நான் நினைப்பது. அவளுக்கு அந்த வீட்டில் பரிந்து பேச ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நீ ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா எழுதியதைப் படித்து முடிவு செய்துவிட்டாய். பட்டாபியாவது வாசல்வரை வந்து பார்த்தார். நீ அதுகூட இல்லை. காமுவைப் புருஷன் இல்லாதவள் என்று அவர் நினைத்தார், அது தப்பு என்று உன் கடிதம் வந்ததும் ஆகிவிட்டது. நீ அவளை அனுப்பிவிட்டால் அவர் நினைத்தது நிஜமாகிவிடும், அதை அப்புறம் எந்தக் கடிதமும் மாற்றாது. மாசி மாதத்தில் மாமாவுக்கு ரஜா கிடைக்கிறது, அவனே கப்பலில் அழைத்து வருகிறேன் என்கிறான். நான் வரவில்லை, நான் இங்கே மாமாவோடு ஹவுராவில் இருந்துகொள்வேன், எனக்காக நீ கவலைப்பட வேண்டாம். அங்கே நீ இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்கு இடம் போதாவிட்டால் வேறு பார்த்துக்கொள், கிணறு பக்கத்தில் இருக்கட்டும், அவளுக்குத் தண்ணீர் தூக்கினால் இடுப்பு வலி வருகிறது. நீ ராத்திரியில் மோர் சாதம் சாப்பிடாதே, அங்கே ஈரக்காற்று என்கிறார்கள், உனக்கு உடனே தொண்டை கட்டும். அப்பாவின் குடையை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், அங்கே மழை அதிகம்.

ஒன்றை இதுவரை எழுதவில்லை. பெரியப்பா உனக்கு எழுதியதில் இது இருந்திருக்காது, இருந்தால் நீ அப்படி எழுதியிருக்க மாட்டாய். கார்டைப் படித்துச் சொன்னதும் அப்பா என்ன சொன்னார் என்பது. நான் என் காதால் கேட்கவில்லை. கேட்டவர்கள் மூன்று பேர், பெரியப்பா, பெரியம்மா, ஸ்நான சங்கல்பம் பண்ணிவைக்க அங்கே வந்திருந்த வாத்தியார். வாத்தியார் பதின்மூன்றாம் நாள் தானாக என்னிடம் வந்து சொன்னார். பிறகு பெரியம்மாவை நான் தனியாகக் கேட்டேன், அவளுக்குச் சொல்ல இஷ்டமில்லை, ஆனாலும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "பிள்ளை போயிட்டான். பொண்ணு இருக்கா. அவ தலையில யாரும் கை வைக்கப்படாது, நான் போய் அழைச்சுண்டு வரேன்" என்றாராம். அதற்குப் பிறகுதான் ஸ்நானத்துக்கு இறங்கினார். நீ இறந்துவிட்டாய் என்று நம்பியவர் அவளைக் கைவிடவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய்.

தீர்க்காயுளாக, அரோக திடகாத்திரனாக இரு. உன் அப்பாவுக்கு நீ கொள்ளி வைக்கவில்லை என்று ஏங்காதே, அவர் செய்ய நினைத்துச் செய்யாமல் போன ஒரு காரியம் உனக்கு மிச்சம் இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய். பதில் எழுதும்போது மாமா பெயருக்கோ என் பெயருக்கோ போடாதே, உறையின்மேல் காமாட்சி என்று அவள் பெயரை எழுது. அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில்தான் நிற்கிறாள்.

இப்படிக்கு, உன் க்ஷேமத்தை எப்போதும் கோரும்
அம்மா